ஹோபர்ன் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு பேர் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிரிட்டிஷ் டைரக்டர் மைக் லீ எடுத்த 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' பத்தி போகிற போக்குல நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கே மெயில், வாட்ஸ்அப், ஒரு இன்லேண்ட் லெட்டர் (ஆமாங்க, இன்னும் எழுதறாங்க) எல்லாம் வந்து குவிஞ்சிடுச்சு. அதனால இந்த தடவை முழுக்க அந்த ஒரே படம்தான். மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கே: நான் இன்னும் படம் பாக்கல. கதைய உடைக்காம சொல்ல முடியுமா? – வாசகி, கும்பகோணம்

உடைக்காம சொல்ல முடியாது மேடம், ஆனா கதை தெரிஞ்சுட்டு பாத்தாலும் ஒண்ணும் குறையாது, நான் அஞ்சாறு தடவை பாத்துட்டேன். 1996ல வந்த படம். லண்டன்ல ஹார்டென்ஸ்னு ஒரு கறுப்பினப் பொண்ணு, கண்ணு டெஸ்ட் பண்ணி கண்ணாடிக்கு பவர் எழுதிக் குடுக்கற வேலை, நல்லா படிச்சவ, தனியா ஒரு பிளாட்ல இருக்கா. அவள வளர்த்த அம்மாவ அடக்கம் பண்றதுலதான் படமே ஆரம்பிக்குது. தான் தத்துப் பிள்ளைன்னு அவளுக்கு சின்ன வயசுலயே தெரியும், இப்போ பெத்தவ யாருன்னு தேடறா. ஃபைல் கைக்கு வருது, அதுல பெத்தவ வெள்ளைக்காரின்னு இருக்கு. எங்கயோ தப்பா எழுதிட்டாங்கன்னு நினைக்கறா. தப்பெல்லாம் இல்ல.

அந்தப் பக்கம் சிந்தியா. அட்டைப்பெட்டி ஃபேக்டரியில வேலை, பழைய வீடு, ரோடு கூட்டற வேலைக்குப் போற பொண்ணு ராக்ஸான், அம்மாவும் பொண்ணும் வாய தொறந்தா சண்டை. சிந்தியாவோட தம்பி மோரிஸ் போட்டோ ஸ்டுடியோ வெச்சு நல்லா வந்துட்டான், அம்மா செத்தப்புறம் அவன வளர்த்தது இந்த அக்காதான், ஆனா அவன் பொண்டாட்டி மோனிகாவுக்கும் சிந்தியாவுக்கும் ஆகாது, புது வீடு வாங்கி ரொம்ப நாள் ஆகியும் அக்கா அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. இந்த கூட்டத்துக்குள்ளதான் ஒருநாள் போன் அடிக்குது.

கே: நீங்க சொன்னீங்களேன்னு பாத்தேன் சார். ஒரு காஃபி கடையில ரெண்டு பேர் உக்காந்து பேசறாங்க, பேசறாங்க, பேசிட்டே இருக்காங்க. கேமரா நகரவே இல்ல. அதுல என்ன அப்படி இருக்கு? – வாசகர், கோவை

இத்தனை கடிதத்துல எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா முதல் தடவை பாக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, ரிமோட்ட கையில எடுத்துட்டேன், எது தடுத்துச்சுன்னு தெரியல.

அதுக்கு முன்னாடி நடக்கறத ஒருதடவை யோசிங்க. ஹோபர்ன் ஸ்டேஷன் வாசல்ல சந்திக்கலாம்னு போன்ல பேசிக்கறாங்க. ரெண்டு பேரும் வந்தாச்சு, பக்கத்துப் பக்கத்துல நிக்கறாங்க, ஆனா சிந்தியா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வருவான்னு தேடிட்டு நிக்கறா. பெத்த பொண்ணு பக்கத்துலயே நிக்கறா, அவ கண்ணுக்கு வெறும் வழிப்போக்கி. கடைசியில ஹார்டென்ஸ் தான் வந்து பேர் சொல்லி கேக்கறா. சிந்தியா உடனே, யாரோ தப்பா அனுப்பிட்டாங்க கண்ணு, உங்க அம்மா நான் இல்லன்னு சொல்றா. (அவ யாரப் பாத்தாலும் வாய் நிறைய செல்லப் பேர் வெச்சுத்தான் கூப்பிடுவா, உங்க ஊர்ல 'கண்ணு'ன்னு சொல்ற மாதிரியே.)

அப்புறம்தான் அந்தக் கடை. ஆளே இல்ல. எதிர் எதிரா உக்காரல, ஒரே பக்கமா பஸ் சீட்ல உக்கார்ற மாதிரி பக்கத்துல பக்கத்துல. அதனால ஒருத்தர ஒருத்தர் பாக்கணும்னா கழுத்த திருப்பணும், சிந்தியா திருப்பவே மாட்டேங்கறா. ஹார்டென்ஸ் அந்த ஃபைல் பேப்பர எடுத்து காட்டினதும், இது என் கையெழுத்துதான்னு ஒத்துக்கறா, ஆனாலும் நீ என் பொண்ணா இருக்க முடியாதும்மா, நான் கறுப்பினத்து ஆள் யார்கூடயும் இருந்ததே இல்லையேன்னு ரொம்ப நேர்மையா சொல்றா, சொல்லிக்கிட்டே இருக்கும்போது பேச்சு நின்னு போகுது. அங்கதான் பாக்கணும் நீங்க. வசனம் கிடையாது, மியூசிக் கிடையாது, க்ளோஸ் அப் கிடையாது. எங்கயோ ஆழத்துல கல்ல கட்டி போட்டிருந்த ஒண்ணு மெதுவா மேல வர்றது சிந்தியாவா நடிச்ச ப்ரெண்டா ப்ளெத்தின் மூஞ்சியில தெரியுது, அப்புறம் உடைஞ்சு அழுகை, கையால மூஞ்ச மூடிக்கறா, பக்கத்துல இருக்கற பொண்ணுக்கு தொடலாமா கூடாதான்னு தெரியல. இதெல்லாம் ஒரே ஷாட்ல, கட் பண்ணாம.

நடுவுல கட் பண்ணியிருந்தா நமக்கு மூச்சு விட இடம் கிடைச்சிருக்கும். அத குடுக்கக் கூடாதுன்னுதான் கேமரா கட்டிப் போட்ட மாதிரி நிக்குது. அடுத்த தடவை பாக்கும்போது சிந்தியாவ விட்டுட்டு ஹார்டென்ஸ் மட்டும் பாருங்க, மரியான் ழான்-பாப்டிஸ்ட் பெருசா ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கும், பாதிப் படத்த அவங்கதான் தாங்கிப் புடிச்சிருக்காங்க.

கே: லாஜிக் இடிக்குதே. பெத்த குழந்தை என்ன நிறம்னு ஒரு தாய்க்கு எப்படி தெரியாம போகும்? – வாசகர், சேலம்

அவ குழந்தைய பாக்கவே இல்லீங்க. பதினஞ்சு பதினாறு வயசுல கர்ப்பம், கல்யாணம் ஆகல, பொறந்த உடனே குழந்தைய எடுத்துட்டுப் போயிடறாங்க, அவளும் பாக்க வேண்டாம்னு இருந்துடறா, பாத்தா குடுக்க மனசு வராதுங்கற பயம்.

அப்பா யாருங்கற விஷயத்த படம் கடைசி வரைக்கும் சொல்லல, இத நிறைய பேர் குறைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அது படத்தோட பலம். ஹார்டென்ஸ் ஒரு இடத்துல, எங்க அப்பா நல்ல மனுஷனான்னு கேக்கறா, சிந்தியா பதில் சொல்லாம நொறுங்கிப் போறா. அந்தப் பதினஞ்சு வயசுல என்ன நடந்திருக்கும்னு நாமளே ஊகிச்சுக்க வேண்டியதுதான், நல்லது எதையும் ஊகிக்க முடியல. ராக்ஸானும் அதே நாள் தன்னோட அப்பா பத்தி கேக்கறா, அவளுக்கு ஒரு பதில் கிடைக்குது. ஒரே தாய், ரெண்டு பொண்ணு, ஒருத்திக்கு சொல்ற மாதிரி ஒரு கதை இருக்கு, இன்னொருத்திக்கு இல்ல.

கே: இத்தனை இயல்பா பேசறாங்களே, வசனம் எழுதினது யாரு? – வாசகி, மதுரை

மைக் லீ கையில ஸ்க்ரிப்ட் வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கற ஆளே இல்ல. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியா கூப்பிட்டு, மாசக்கணக்குல பேசிப் பேசி பாத்திரத்த உருவாக்குவார், அவங்க எங்க படிச்சாங்க, என்ன சாப்பிடுவாங்க, யார்கிட்ட கோவம், எல்லாம். இதுல முக்கியமான விதி ஒண்ணு, ஒரு பாத்திரத்துக்கு என்ன தெரியுமோ அதுமட்டும்தான் அந்த நடிகருக்கும் தெரியணும், அடுத்தவன் கதை தெரியக் கூடாது. அப்புறம்தான் ரெண்டு பேர ஒரு ரூம்ல விடுவார். அதுக்காக கேமரா முன்னாடி வாய்க்கு வந்தத பேசறாங்கன்னு நினைச்சுடாதீங்க, ரிகர்சல்ல வந்தத வடிகட்டி, செதுக்கி, ஷூட்டிங் போறதுக்குள்ள எல்லாம் முடிவாயிடும். ஸ்க்ரிப்டே இல்லாம ஆரம்பிச்ச படம் ஆஸ்கர்ல திரைக்கதைக்கு நாமினேஷன் வாங்கிச்சுங்கறது ஒரு நல்ல வேடிக்கை.

கே: அந்த ஊர்ல தத்துப் பிள்ளை போய் கேட்டா பெத்தவங்க பேர எடுத்துக் குடுத்துடுவாங்களா? நிஜமாவே அப்படி சட்டம் இருக்கா? – வழக்கறிஞர், திருநெல்வேலி

இருக்கு சார். இங்கிலாந்து, வேல்ஸ்ல 1975ல வந்த சிறார் சட்டத்துக்கு அப்புறம்தான், பதினெட்டு வயசு ஆன தத்துப் பிள்ளை தன்னோட ஒரிஜினல் பர்த் சர்டிபிகேட் கேட்டு வாங்கலாம்னு ஆச்சு. ஸ்காட்லாந்துல அது 1930லேர்ந்தே உண்டு. ஆனா 1975 நவம்பருக்கு முன்னாடி தத்துப் போனவங்கன்னா முதல்ல ஒரு கவுன்சிலர்கிட்ட உக்காந்து பேசியே ஆகணும், ஏன்னா இவங்கள குடுத்த தாய்மாருக்கெல்லாம் உங்க பேர் எப்பவுமே வெளிய வராதுன்னு நம்பிக்கை குடுத்திருந்தாங்க. படத்துல ஹார்டென்ஸ் ஒரு சமூக சேவகர் முன்னாடி போய் உக்கார்றாளே, அந்த சீன் அதான். அந்தம்மா சாக்லேட் நீட்டிக்கிட்டே ஃபைல எடுத்து வெச்சுட்டு, கொஞ்ச நேரம் தனியா படிச்சுக்கோம்மான்னு எழுந்து போயிடறாங்க. ஒரு பொண்ணோட மொத்த பூர்வீகமும் ஒரு சாதா ஆபீஸ் டேபிள்ல கிடக்குது. எத்தனையோ பேர இப்படி பாத்து அலுத்துப்போன அந்த அன்பு இருக்கே, அந்தம்மாவா நடிச்ச லெஸ்லி மான்வில் வந்துட்டுப் போறது கொஞ்ச நேரம்தான், அதுக்குள்ள அத காட்டிடறாங்க.

ஒண்ணு கவனிச்சீங்களா, பிள்ளை தாயைத் தேடலாம், தாய் பிள்ளையத் தேட அந்தக் காலத்துல வழியே கிடையாது. 1991ல ஒரு ரெஜிஸ்டர் கொண்டு வந்தாங்க, அதுலயும் தாய் தன் பேர பதிஞ்சு வெச்சுட்டு காத்திருக்கலாம், அவ்ளோதான். தேடித்தர சொல்லி ஒரு ஏஜென்சிகிட்ட கேக்கலாம்ங்கறதெல்லாம் 2005க்கு அப்புறம். அதனால சிந்தியா ஏன் இத்தனை வருஷம் தேடலன்னு கேட்டவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன், அவ விரும்பியிருந்தாலும் சட்டம் உதவியிருக்காது.

இங்கிலாந்து, வேல்ஸ்ல 1968ல மட்டும் கிட்டத்தட்ட 25,000 தத்து, அதுதான் உச்சம். அதுல எத்தனையோ, கல்யாணம் ஆகாத பொண்ணுங்ககிட்டேர்ந்து குடும்பமும் சர்ச்சும் ஆஸ்பத்திரியும் சேந்து அழுத்தி வாங்கினது. 1949லேர்ந்து 1976 வரைக்கும் சுமார் 1,85,000 குழந்தைங்க அப்படி போனதா 2022ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் கமிட்டி சொல்லிச்சு. 2023ல ஸ்காட்லாந்தும் வேல்ஸும் மன்னிப்பு கேட்டாங்க, ஆஸ்திரேலியா அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே கேட்டுடுச்சு. படம் இதுல ஒரு வார்த்தை கூட பேசாது. சிந்தியா மூஞ்சியே போதும்னு மைக் லீ விட்டுட்டார்.

கே: எங்களுக்கு தத்தெடுத்த ஏழு வயசுப் பொண்ணு இருக்கா. இன்னும் அவகிட்ட சொல்லல. படம் பாத்ததுலேர்ந்து தூக்கம் இல்ல. இந்தியாவுலயும் அவ நாளைக்கு தேடிப் போகலாமா? – பெயர் வேண்டாம்

தேடிப் போகலாம்ங்க. பதினெட்டு முடிஞ்சா அவளே மனு போடலாம், அதுக்குள்ளன்னா உங்களோட சேந்து. 2022 தத்து விதிமுறையில 'ரூட் சர்ச்'னே ஒரு பகுதி இருக்கு, அவளுக்கு பதிலா வேற ஆள் போய் கேட்டா குடுக்க மாட்டாங்க. ஆனா இங்க ஒரு முடிச்சு இருக்கு, பெத்தவங்க முறைப்படி ஒப்படைச்சிருந்து, இப்போ வெளிப்பட விருப்பம் இல்லன்னு சொல்லிட்டா அவங்க விவரம் தர மாட்டாங்க, அவங்க அந்தரங்கத்துக்கும் சட்டத்துல இடம் இருக்கு.

எப்போ சொல்றதுங்கறதுக்கு நான் டாக்டர் இல்ல, சினிமா பாக்கறவன். நீங்க தத்தெடுத்த ஏஜென்சியிலயே கவுன்சிலர் இருப்பாங்க, இந்த வாரமே ஒரு போன் போடுங்க. படத்துலேர்ந்து ஒண்ணு மட்டும் சொல்றேன். ஹார்டென்ஸ் கோவமா வரல. ஏன் என்ன தூக்கிப் போட்டன்னு கத்தற ஒரு சீன் கூட கிடையாது. அவளுக்கு விஷயம் எப்பவோ தெரியும், வளர்த்த அம்மா மேல அவ்ளோ பாசம், அந்த பாசம் குடுத்த தெம்புலதான் வந்து கதவ தட்டறா. ஒரே வீட்டுல கூடவே வளந்த ராக்ஸான் தான் எதுவும் தெரியாம, அப்பா யாருன்னு கூட தெரியாம, எதுக்கெடுத்தாலும் வெடிக்கறா. தத்துப் போன பொண்ணு நிதானமா இருக்கா, பெத்தவகிட்டயே இருந்த பொண்ணு தத்தளிக்கறா. உங்க பயத்துக்கு நடுவுல இத கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

கே: மோனிகா மாதிரி ஒரு நாத்தனார எந்த வீட்டுலயும் பாத்ததில்ல. பயங்கர வில்லி! – இல்லத்தரசி, தஞ்சாவூர்

நாத்தனார் சிந்தியாங்க, மோனிகா தம்பி பொண்டாட்டி. உங்களுக்கு மோனிகா மேல இருக்கற கடுப்புல முறையே மாறிப் போச்சு பாருங்க! எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. வீடு பளபளன்னு, ஆளும் பளபளன்னு, எப்ப பாரு துடைச்சுக்கிட்டு, வந்தவங்கள ரூம் ரூமா கூட்டிட்டுப் போய் காட்டிக்கிட்டு. அத்தனை ரூம் ரெண்டு பேருக்கு எதுக்குன்னு சிந்தியாவுக்கு தோணுது, நமக்கும் தோணுது. பதில் கடைசியில மோரிஸ் வாயாலதான் வருது, அவளுக்கு குழந்தை பொறக்காது, எல்லா ட்ரீட்மெண்ட்டும் பண்ணி ஓஞ்சாச்சு. அதுக்கான துப்பு முன்னாடியே இருக்கு, மாசா மாசம் அவ படற அவஸ்தைய காட்டிடறாங்க, நாமதான் சிடுமூஞ்சின்னு முத்திரை குத்திட்டு தாண்டிடறோம். ஒருத்தி ரெண்டு பெத்து ஒண்ண குடுத்துட்டா, ஒருத்திக்கு ஒண்ணுகூட இல்ல, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அடுத்தவ என்னத்த முழுங்கிட்டு நிக்கறான்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

இதுல பாவம் மோரிஸ். நாள் முழுக்க ஸ்டுடியோவுல ஊர்ல இருக்கற குடும்பத்தையெல்லாம் உக்கார வெச்சு சிரிங்க சிரிங்கன்னு க்ளிக் பண்றவன் அவன். ஒரு பொண்ணு விபத்துல கிழிஞ்ச மூஞ்சியோட வர்றா, நஷ்டஈடு கேஸுக்கு, தழும்பு நல்லா தெரியற மாதிரி எடுங்கன்னு. அங்க ஒருத்திதான் மறைக்காம உக்கார்றா. எங்க வீட்டு கல்யாண ஆல்பம் ஒண்ணு இருக்கு, அதுல எங்கப்பாவும் பெரியப்பாவும் தோளோட தோள் ஒட்டி சிரிச்சுட்டு நிப்பாங்க. அந்த தேதிக்கு அவங்க பேசி நாலு வருஷம். போட்டோகிராபர் 'இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்'னு சொன்னது எனக்கு இன்னிக்கும் காதுல இருக்கு, எதுக்கு சண்டைன்னு மட்டும் இன்னி வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது. மோரிஸ் எதிர்ல உக்கார்ற ஒவ்வொரு குடும்பத்தையும் பாக்கும்போது அந்த ஆல்பம்தான் ஞாபகம் வரும்.

கே: அவார்டு ஏதாவது வாங்கிச்சா? – மாணவர், வேலூர்

கான் திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கப் பனை, ப்ரெண்டா ப்ளெத்தினுக்கு சிறந்த நடிகை. ஆஸ்கர்ல அஞ்சு நாமினேஷன், ஒண்ணும் கிடைக்கல. மரியான் அதுல நாமினேட் ஆனது பெரிய விஷயம், நடிப்புக்காக ஆஸ்கர் போட்டிக்குப் போன முதல் கறுப்பின பிரிட்டிஷ் நடிகை அவங்கதான். 2024ல மறுபடி மைக் லீயோட 'ஹார்ட் ட்ரூத்ஸ்' பண்ணியிருக்காங்க, அதுல நேர் எதிர், எந்நேரமும் சீறிக்கிட்டே இருக்கற ஒரு பொம்பள. பாருங்க.

கே: நம்ம 'கன்னத்தில் முத்தமிட்டால்' இதவிட நல்லா இல்லையா? – வாசகர், பாண்டிச்சேரி

ரெண்டும் எனக்குப் புடிக்கும், தராசுல வெக்காதீங்க. அதுல ஒன்பது வயசு அமுதா, யுத்தம் நடக்கற மண்ணுக்கு அப்பா அம்மாவோட தேடிப் போறா, பெத்தவளுக்கு அவள கூட்டிட்டுப் போக முடியாத ஒரு பெரிய காரணம் இருக்கு. அங்க பிரிச்சது போர். சிந்தியாவுக்கு அப்படி வெளிய கை காட்ட ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன வீடு, வெக்கம், அக்கம்பக்கம். அமுதா கேக்கற கேள்விக்கு பதில் கிடைக்காம படம் முடியும்போது நாம அழறோம், சிந்தியா பதில் சொல்ல வாய தொறந்தா நமக்கு ஐயோ வேண்டாமேன்னு இருக்கு.

கே: வீட்டுல பெரியவங்களோட உக்காந்து பாக்கலாமா? – வாசகி, ஈரோடு

பாக்கலாம், கெட்ட வார்த்தை கொஞ்சம் வரும், சப்டைட்டில்ல கண்டுக்காம தாண்டிடலாம். நான் எங்க அத்தையோட பாத்தேன், எழுபத்தி மூணு வயசு, இங்கிலீஷ் தெரியாது, நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வந்தேன், பாதியில சொல்றத நிறுத்திட்டேன், அவங்களுக்கு தேவைப்படல. ராக்ஸானோட இருபத்தோராவது பர்த்டேன்னு மோரிஸ் வீட்டு தோட்டத்துல எல்லாரும் ஒரே மேஜைய சுத்தி உக்காந்து சுட்ட கறி சாப்பிடற சீன் வரும், அதுவும் கட்டே இல்லாம ஓடும், தட்டு கை மாறுது, சாஸ் எங்கன்னு ஒருத்தர், எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க. ஹார்டென்ஸ கூட வேலை பாக்கற பொண்ணுன்னு சொல்லி சிந்தியா கூட்டிட்டு வந்திருப்பா, அவளும் ஃபேக்டரி வேலை பத்தி கேக்கறதுக்கெல்லாம் சமாளிச்சு பதில் சொல்லிக்கிட்டு இருப்பா. விஷயம் அப்புறம் கேக் நேரத்துல சிந்தியா வாயாலயே போட்டு உடையும்.

உடைஞ்சதும் ராக்ஸான் கத்திட்டு வெளிய ஓடறா, மோரிஸ் பின்னாடியே ஓடறான், சிந்தியா அழறா, மோனிகா கடுகடுன்னு நிக்கறா. அத்தை எதையும் கேக்கல, டிவியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "அந்தக் கறுத்தப் பொண்ணு பாவம் அப்பருந்து ஓரமா நிக்குதே, யாராச்சும் அதுக்கு ஒரு துண்டு கேக் எடுத்துக் குடுத்தா என்ன?"